பொன்னைக் கழற்றிய காலை

சரவணா,

அன்றைக்குக் காலையில் நம் வீட்டு வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு நான் மாற்றிச் சொல்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் இருந்தேன். நீ இருந்தாய், கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வண்டிச் சாவியோடு. உன் மனைவி கலைவாணி இருந்தாள், இடுப்பில் சின்னவன் நிதின். உன் மகள் ஹரிணி இருந்தாள், முதல் வகுப்புச் சீருடையில், அழுத முகத்தோடு. தெருவில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு காதர் பாய் இருந்தார். ஆட்டோவுக்குள் அவர் மகள் நஸ்ரின், அவளுக்குப் பக்கத்தில் எதிர் வீட்டுச் செல்வியின் மகன் கிஷோர். செல்வி தெருக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கலைவாணி போனில் பேசும்போது, சின்னவனை வரும் ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்கிறோம் அத்தை என்றாள். பின்னால் நீ தொலைக்காட்சி பார்க்கும் சத்தம் கேட்டது. போனை வாங்கி ஒரு வார்த்தை பேசுவாய் என்று காத்திருந்தேன், பேசவில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். பரவாயில்லை, போனில் என்றால் பாதியில் வைத்துவிடுவாய், காகிதத்தை வைத்துவிட முடியாது. நீங்கள் ஒரகடத்துக்குக் குடிபோன பிறகு இந்த வீட்டில் பேச்சுக் குரல் என்றால் என் குரல்தான். விடிந்ததும் செல்வி வீட்டுத் தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்ற உட்காருகிறேன், ராட்டை சத்தம் கேட்கிறது. அதை நிறுத்தினால் எதிர் வீட்டுத் தறிச் சத்தம் கேட்கிறது. மத்தியானம் அவர்கள் சாப்பிட எழுந்துவிட்டால் அதுவும் இல்லை. அந்த நேரம் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. தோசைக்கு அரைத்தால் ஒரு வாரம் வருகிறது, புளித்துப் போய் மிச்சத்தைக் கொட்டுகிறேன்.

உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது நினைவிருக்கிறதா? இருக்கும், வேறு காரணத்துக்காக. நீ இரண்டாம் வகுப்பு. வைகாசி மாதம், மறுநாள் கருட சேவை. ஊரே விடியலில் குடையையும் பெருமாளையும் பார்க்கக் கோபுர வாசலில் நிற்கும். நீ உன் அப்பா தோளில் உட்கார்ந்து பார்ப்பதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்றைக்குச் சாயங்காலம் காதுக்குக் கீழே ஒரு பக்கம் உப்பியது. விடிவதற்குள் மறு பக்கமும் உப்பிவிட்டது. என் சங்கிலியைக் கழற்றி உன் கழுத்தில் போட்டு, வீக்கத்தின் மேல் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்துத் தடவி, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். நாதஸ்வரம் காற்றில் கேட்டது. நீ கதவை உதைத்து உதைத்து அழுதாய். உன் அப்பாகூட, "தூரமா நின்னு காட்டிட்டு வந்துடறேனே" என்றார். விடவில்லை. அந்தக் கோபம் உனக்கு இன்னும் போகவில்லை என்பது உனக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் மட்டும்தான் மறக்காதவள் என்று நினைத்திருந்தேன். என் கல்யாணத்தில் எனக்கு ஓட்டைச் சொம்பைச் சீராக வைத்த உன் பெரிய அத்தையை நான் இன்றைக்கும் நேரே பார்த்துச் சிரித்ததில்லை. என் ரத்தம்தானே உனக்கும்.

இந்தத் தடவை அது நம் தெருவுக்குக் கிஷோர் மூலமாக வந்தது. அவனுக்குத் தாடை உப்பிய அன்றைக்குச் செல்வி வீட்டுத் தறியில் ஒரு முகூர்த்தச் சேலை முடிந்து அறுத்தெடுக்கும் தறுவாயில் நின்றது. கோர்வைக் கரை வைத்த சேலை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தறியில் உட்கார்ந்தால்தான் கரை சேரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. என்னிடம் கொண்டுவந்து விட்டிருக்கலாம், கேட்கவில்லை. தன் சங்கிலியை அவன் கழுத்தில் போட்டு, காலர் பொத்தானை மேலே வரைக்கும் மாட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டாள். காது குத்தின கம்மல்கூடக் கழற்றிவிட்ட ஆண்பிள்ளை, பெண்பிள்ளை போடும் நீளச் சங்கிலியோடு வகுப்பில் போய் உட்கார்ந்தான். அவன் வகுப்பு மாலா மிஸ் இந்த ஊரிலேயே பிறந்தவள், சங்கிலி எதற்கென்று தெரியாதவள் இல்லை. சங்கிலியைப் பார்த்தாள். "நகை போட்டுக்கினு வரக்கூடாதுன்னு டைரில எழுதியிருக்குது இல்ல, உங்கம்மா படிக்கலையா?" என்று கழற்றிக் காகிதத்தில் மடித்து மேசைக்குள் வைத்துவிட்டாள். ஏன் போட்டிருக்கிறான் என்று கேட்கவில்லை. சங்கிலிக்கு மேலே இருந்த கன்னத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் நகையைப் பத்திரமாகச் செல்வி கையில் ஒப்படைத்தாள்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் கிஷோர் ஹரிணிக்குக் கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறான். வாய் வலித்து அவனால் முழுசாகத் தின்ன முடியவில்லை, பாவம். சட்டை நுனியை மிட்டாய் மேல் போட்டு மூடி, முன்பல்லால் கடித்து உடைத்துப் பாதியைக் கொடுத்தானாம், காக்காக் கடி. துணி நடுவில் இருந்தால் எச்சில் இல்லை என்பது பிள்ளைகள் வைத்திருக்கும் சட்டம். நானும் அப்படித் தின்றவள்தான், நீயும் தின்றவன்தான். பிற்பாடு சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "துணி நனையுதில்லம்மா, அப்புறம் அது எப்பிடித் தடுக்கும்? மிட்டாயே வேணாம், பக்கத்துல உக்காந்து தும்மினாலே போதும்" என்றார். வந்ததும் தெரியாது, இரண்டு மூன்று வாரம் உள்ளேயே இருந்துவிட்டு வெளியே காட்டும் என்றும் சொன்னார். அதனால்தான் கிஷோர் தேறி, கன்னம் வற்றி, எல்லோரும் மறந்த பிறகு ஹரிணிக்கு வந்தது.

அந்தக் காலைக்கு வருகிறேன். ஹரிணி எழுந்ததும் என் பாயில் வந்து படுத்தாள். "ஆயா, இங்க வலிக்குது" என்று காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். உடம்பு கணகணவென்று இருந்தது. ஒரு பக்கம் காது மடல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது, தாடை எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. எலுமிச்சை ஊறுகாயில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். போதும் எனக்கு. சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். கலைவாணி பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா இது?" என்றாய்.

"பொன்னுக்கு வீங்கி. வீக்கம் கண்ட நாள்லேர்ந்து அஞ்சு நாளு புள்ளைய வெளிய அனுப்பக் கூடாது."

"நாளான்னிக்கு ஆன்னுவல் டேம்மா. முன் வரிசைல ஆடறா. நான் ஷிப்டு மாத்தி வச்சிக்கினு இருக்கேன். ஒரு பக்கம்தான உப்பியிருக்குது, பவுடர் போட்டா தெரியாது."

"தெரியாமப் போயிட்டா வியாதி இல்லன்னு ஆயிடுமா?"

"உனக்கு எப்பவும் இதே வேலை. எனக்குக் கருட சேவை போச்சு. இவளுக்கு டான்ஸு போவணுமா?"

காய்ச்சல் மருந்தை நீயே ஊற்றிக் கொடுத்தாய். கலைவாணி தலை பின்னிவிட்டாள், உப்பின பக்கத்துக்கு முடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள். வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டதும் நீ ஹரிணி கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாய். "இதப் பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாய். அந்த வார்த்தையைப் பிற்பாடு நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தேன். பொன் போட்டால் வீக்கம் வற்றும் என்றுதான் என் மாமியார் சொன்னார்கள், நானும் நம்பினேன். நர்ஸம்மா அப்படியெல்லாம் இல்லை என்கிறார். சரி, இல்லை என்றே இருக்கட்டும். பொன் போட்ட பிள்ளையைப் பார்த்தால் தெருவில் மற்றவர்கள் தங்கள் பிள்ளையைத் தள்ளி நிறுத்திக்கொள்வார்கள், அந்த வீட்டுக்கு விளையாட அனுப்பமாட்டார்கள், அந்த டம்ளரில் தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். அதற்காவது அது உதவியது. நீ கழற்றினது அதைத்தான்.

வாசலில் காதர் பாய் ஹரிணியைத் தூக்கி ஏற்றும்போது முகத்தைப் பார்த்தார். "தம்பி, பாப்பா ஏன் அழுவுது? கன்னம் வேற உப்பிக்கினு இருக்குதே, அதுவா?" என்று கேட்டார். அதுவா என்றால் எது என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நீ அவர் முகத்தைப் பார்த்து, "இல்ல பாய், சொத்தைப் பல்லு. சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாய். "அப்ப சரி. நஸ்ரின், நவுந்து உக்காருமா, அக்காவுக்கு எடம் குடு" என்றார் அவர். அந்தப் பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்ததோடு நிற்கவில்லை, ஹரிணி அழுகிறாள் என்று அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். "நீ உள்ள போம்மா" என்று குறுக்கே நின்றாய். ஆட்டோ கிளம்பிவிட்டது. குழாயடியில் செல்வி என்னைப் பார்த்தாள், எல்லாம் தெரிந்த பார்வை. தான் செய்ததையே இன்னொருவர் செய்வதைப் பார்த்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நீ வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன பிறகு நான் நடந்தே பள்ளிக்குப் போனேன். முட்டி வலியோடு பிள்ளையார்பாளையத்துச் சந்துகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்திருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், அப்புறம் தலைமை ஆசிரியையே வந்தார். "உங்க ஒண்ணாங் கிளாஸ்ல பொன்னுக்கு வீங்கி இருக்குதும்மா. மத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிடுங்க" என்றேன். "யார் வீட்டுப் பிள்ளைம்மா?" என்று கேட்டார். "என் பேத்திதாங்க" என்றேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டே போய் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் தாடையைத் தடவிப் பார்த்தார். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இருந்தது. வீட்டுக்கு அனுப்பினார். ஹரிணியை நான் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் தூங்கினாள்.

சாயங்காலத்துக்குள் பெற்றோர் எல்லாருடைய போனுக்கும் செய்தி போய்விட்டது. பள்ளியில் யார் பெயரையும் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பொறுப்பில்லாத ஜனங்கள் என்று யாரோ எழுதியதை நீ எனக்குப் படித்துக் காட்டினாய். "ஊருக்கே தண்டோரா போட்டுட்டு வந்துட்ட. எந்த வீட்லயாவது பெத்தவளே இப்பிடிக் காட்டிக் குடுப்பாளா?" என்றாய். நான் ஹரிணிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆன்னுவல் டே அன்றைக்கு அவள் வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டிக் காட்டினாள். ஐந்தாறு நாளில் வீக்கம் வற்றிவிட்டது. நம் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு முடிந்தது என்று நீ நினைத்தாய்.

நஸ்ரினுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் வந்தது. தலைவலி என்று அழுதாள், வாந்தி எடுத்தாள், கழுத்தைக் குனிய முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறி வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பிழைத்ததே என்று அவள் அம்மா தெருவுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். அதற்குப் பிறகு மிஸ் ஒருத்தி, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனம் போதவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒருநாள் ஆற்காட்டிலிருந்து பாட்டி போன் பண்ண, இவள் போனை இடது காதில் வைத்துக்கொண்டு, "நானி பேசவே மாட்டேங்குறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா போனை வாங்கி இவள் மறு காதில் வைத்ததும் குரல் கேட்டுச் சிரித்தாளாம். செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். இடது காது போய்விட்டது, திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு நான் காதர் பாய் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குச் சொத்தைப் பல் இல்லை, என் பிள்ளை பொய் சொன்னான் என்று சொன்னேன். அவர் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை. "தெரியும்மா. போன்ல மெசேஜ் வந்த அன்னிக்கே தெரியும். தம்பி கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "வெயில்ல வந்துட்டீங்க, உக்காருங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். உட்கார முடியவில்லை எனக்கு. வந்து உன்னிடம் சொன்னேன். "எப்பிடியும் வந்துதான் இருக்கும், தெனமும் ஒண்ணாத்தான போனாங்க" என்றாய். அந்தக் கோடை விடுமுறையிலேயே கம்பெனிக்குப் பக்கம் என்று வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாய். ஹரிணி வண்டியில் ஏறும்போது என் புடைவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீதான் விரலைப் பிரித்தாய்.

நீ சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. வீக்கம் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது அடுத்தவருக்குப் போய்விடும் என்று நர்ஸம்மாவும் சொன்னார். அந்த ஒரு காலை ஆட்டோவில்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வியாதிக்கு நான் உன்மேல் பழி போடவில்லை.

சின்னவனுக்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் அவன் ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. இலவசமாகப் போடும் ஊசியில் தட்டம்மைக்கு இருக்கிறது, இதற்கு இல்லை, தனியாகக் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது அப்படித்தான். அவனுக்கென்று ஒரு தண்ணீர் பாட்டில் கொடு, அடுத்தவன் பாட்டிலில் வாய் வைக்காதே என்று சொல்லிக்கொடு. காய்ச்சலோடு காதுக்குக் கீழே வலி என்றால் காத்திருக்காதே. வீட்டில் வை, தண்ணீராகக் கொடு, குழைந்த சோறு கொடு, புளிப்பைக் காட்டாதே. வாந்தியோ கழுத்து இறுக்கமோ வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. பெரியவன் ஆனபின் வந்து, விதை வீங்கி வலித்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல். தேறிய பிறகு இரண்டு காதிலும் தனித்தனியாக ரகசியம் பேசிப் பார். அன்றைக்கே பள்ளிக்குப் போன் பண்ணு. வண்டியில் கூட வரும் பிள்ளைகளின் வீட்டுக்கு நீயே போய்ச் சொல். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

செல்விக்கு மூன்று மாதம் தார் சுற்றிக் கொடுக்காமல் இருந்தேன். பிறகு அவளே வந்து, கோர்வைக்கு ஆள் இல்லாமல் அப்படிச் செய்துவிட்டேன் அக்கா என்று என் முகத்துக்கு நேரே சொல்லி அழுதாள். மன்னித்துவிட்டேன். மாலா மிஸ் கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்று, இப்போது தினமும் கன்னத்தைத்தான் முதலில் பார்க்கிறேன் என்றாள். அவளையும் மன்னித்துவிட்டேன். கலைவாணி போனில் பேசும்போதெல்லாம் நஸ்ரினைத்தான் முதலில் விசாரிக்கிறாள், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ வா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. சோறு வடித்து வைப்பேன், நீ தின்னும்வரை பக்கத்தில் உட்காருவேன், இந்த வீட்டில் சத்தம் கேட்டு நாளாயிற்று. வந்த அன்றைக்கே காதர் பாய் வீட்டுக்குப் போ. நஸ்ரினிடம் பேசினால் வலது பக்கமாக நின்று பேசு. காதர் பாய் உன்னை மன்னிப்பார், நாற்காலியும் எடுத்துப் போடுவார். என்னால் அது ஆகாது. உன்னை நம்பிக் கேட்ட மனிதனின் கண்ணைப் பார்த்துச் சொத்தைப் பல் என்றாய், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லோரையும் மன்னித்தாயிற்று. இந்தக் கட்டை வேகும்வரைக்கும் நான் மன்னிக்க முடியாத ஆள் ஒருவன்தான் மிச்சம், நான் பெற்ற சரவணன்.